ஓர் எழுத்து மாறிய மாஸ்ஃபெட்: கடையில் வாங்கிக் கட்டிய ஒரு கருவியின் நிகழ்வு ஆய்வு

தொட்டிச் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் விடும் சின்னக் கருவி. மண் காய்ந்தால் உணரி சொல்லும், கட்டுப்பாட்டுப் பலகை ஒரு மாஸ்ஃபெட்டை (மின்னழுத்தத்தால் திறந்து மூடும் மின்சாரக் கதவு போன்ற பாகம்) திறக்கும், 12 வோல்ட் பம்ப் ஓடும். இணையத்தில் வரைபடம் எளிதில் கிடைக்கிற, பலரும் கட்டிப் பார்த்த கருவிதான். கட்டியவர் ஒரு கல்லூரி மாணவி. மின்னணுவியல் அவருடைய பாடம் அல்ல, ஆர்வத்தால் கற்றுக்கொண்டவர். பாகங்கள் அத்தனையையும் சில்லறையாகப் பார்ட்ஸ் விற்கும் ஒரு கடையில் நேரில் போய் வாங்கினார். இரண்டு கருவிகள் கட்டினார். ஒன்று இன்றுவரை சிக்கல் இல்லாமல் ஓடுகிறது. இன்னொன்றில் பம்ப் வேகம் பிடிக்கவில்லை, சில சமயம் சுற்றத் தொடங்காமலே முனகியது. மாஸ்ஃபெட்டில் விரல் வைக்க முடியாத சூடு.

இரண்டு கருவிகளிலும் இருந்த மாஸ்ஃபெட்டுகள் ஒரே டப்பாவிலிருந்து, ஒரே நாளில், ஒரே கை எடுத்துக் கொடுத்தவை. இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணமே அதுதான். "டூப்ளிகேட் பார்ட்டைத் தள்ளிவிட்டுட்டாங்க" என்று சொல்லிக் கடையை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. பழுதின் காரணம் கடைசிவரை தெரியாமல் போவதும் அதனால்தான்.

கொண்டுபோன பட்டியலும் கைக்கு வந்த பையும்

மாணவி ஒரு தாளில் பட்டியல் எழுதிக்கொண்டு போயிருந்தார். ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் இரண்டு, 2என்2222 டிரான்சிஸ்டர் இரண்டு (பஸ்ஸருக்கு), 1என்4001 டையோடு, 470 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கண்டென்சர், 220 ஓம், 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள், மண் ஈரப்பத உணரி இரண்டு, கட்டுப்பாட்டுப் பலகைகளாக ஆர்டுயினோ ஊனோ ஒன்று, நோட்எம்சியு ஒன்று, பிரெட்போர்டு (ஈயம் வைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை), ஜம்பர் கம்பிகள், ஈயக்கம்பி. இரண்டாவது கருவியின் நிலையைக் கைப்பேசியில் பார்க்க வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் வைஃபை உள்ள நோட்எம்சியு.

பையைப் பிரித்தபோது உள்ளே இருந்தவை கொஞ்சம் வேறு. மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்இசட்44என். 2என்2222-க்குப் பதில் பிசி547. 1என்4001-க்குப் பதில் 1என்4007. கண்டென்சர் 16 வோல்ட் அல்ல, 25 வோல்ட். மாணவி கடையிலேயே கேட்டிருக்கிறார்.

"அண்ணா, இது எல்44 இல்லையே, எஃப்னு போட்டிருக்கே?"

"அதேதாம்மா. எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. எல்லாம் ஈக்விவலன்ட்தான்."

அந்த நாலு மாற்றங்களில் இரண்டு முழுக்கச் சரி. கண்டென்சரில் எழுதியிருக்கும் வோல்ட் அது தாங்கக்கூடிய உச்சம். 16 கேட்ட இடத்தில் 25 போட்டால் அளவில் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். 1என்4001 எதிர்த்திசையில் 50 வோல்ட் தாங்கும், 1என்4007 ஆயிரம் வோல்ட் தாங்கும். இரண்டுக்கும் மின்னோட்டம் 1 ஆம்பியர். பம்ப் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை விழுங்க எதை வைத்தாலும் போதும். 4001-ஐத் தனியாக இருப்பு வைக்காத கடைகள் நிறைய உண்டு. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவது மாற்றம், அதாவது டிரான்சிஸ்டர், பாதி சரி. அதற்குப் பிறகு வருகிறேன். சிக்கல் நாலாவதில்.

அளந்து பார்த்தபோது

கருவி என்னிடம் வந்ததும் முதலில் செய்தது இரண்டு கருவிகளின் மாஸ்ஃபெட்டுகளையும் இடம் மாற்றிப் போட்டது. பாகம் கெட்டதென்றால் பழுது பாகத்தோடு சேர்ந்து இடம் மாற வேண்டும். மாறவில்லை. சுட்ட மாஸ்ஃபெட் ஊனோ கருவியில் குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்து கிடந்தது நோட்எம்சியு கருவிக்குப் போனதும் சுட ஆரம்பித்தது. டூப்ளிகேட் என்ற சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. கடையைத் திட்டுவதற்கு முன் யாரும் செய்யக்கூடிய சோதனை இது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

அப்புறம் மல்டிமீட்டர். மாஸ்ஃபெட்டுக்கு மூன்று கால்: திறக்கச் சொல்லும் கேட், மின்னோட்டம் நுழையும் டிரெயின், வெளியேறும் சோர்ஸ். பம்ப் ஓடும்போது கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஊனோ கருவியில் 5 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே, நோட்எம்சியு கருவியில் 3.3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. அந்தந்தப் பலகையின் கால் தருவதே அவ்வளவுதான். டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஊனோவில் 0.06 வோல்ட். நோட்எம்சியுவில் 1.3 வோல்ட். பம்புக்குப் போகும் மின்னோட்டம் முதலாவதில் 2 ஆம்பியர், இரண்டாவதில் 1.6.

1.3-ஐ 1.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.1 வாட். அத்தனையும் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே வெப்பமாகிறது. டிஓ-220 உறையில் வரும் இந்த மாஸ்ஃபெட்டை ஹீட் சிங்க் இல்லாமல் விட்டால் ஒரு வாட்டுக்கு உள்ளே 62 டிகிரி ஏறும் என்று அதன் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) சொல்கிறது. 2.1 வாட்டுக்கு 130 டிகிரி. அறை வெப்பம் 30 என்று வைத்தால் உள்ளே 160 டிகிரி. அது தாங்கும் உச்சம் 175. உயிரோடு இருந்ததே பெரிய விஷயம். ஊனோ கருவியில் இதே கணக்கைப் போட்டால் 0.12 வாட், ஏழெட்டு டிகிரி ஏற்றம், விரலுக்குத் தெரியவே தெரியாது.

கேட்டில் போதிய மின்னழுத்தம் இல்லாததால் மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்கவில்லை. குழாயைக் கால்வாசி திறந்துவிட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று பார்ப்பது போலத்தான் இது. பம்ப் முனகியதும் இதனால்தான். நின்றிருக்கும் மோட்டார் சுற்றத் தொடங்கும்போது ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். பாதி திறந்த மாஸ்ஃபெட் அதை விடாது.

எஃப், எல்: என்ன வேறுபாடு

கடையில் கொடுத்த ஐஆர்எஃப்இசட்44என் (எஃப் வகை), பட்டியலில் இருந்த ஐஆர்எல்இசட்44என் (எல் வகை) இரண்டுமே இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் நிறுவனம் கொண்டுவந்தவை (2015 ஜனவரியில் அந்த நிறுவனத்தை இன்ஃபினியான் வாங்கிவிட்டது). இரண்டும் 55 வோல்ட் தாங்கும். எஃப் வகைக்கு 49 ஆம்பியர், எல் வகைக்கு 47. உறை ஒன்று, கால் வரிசை ஒன்று, விற்பனைப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்து அறை. முன்னால் இருக்கும் இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கடைக்காரர் சொன்னதில் தவறே இல்லை.

வேறுபாடு கேட்டில் இருக்கிறது. எஃப் வகை திறக்கத் தொடங்கும் மின்னழுத்தம் 2 முதல் 4 வோல்ட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். திறக்கத் தொடங்குவது என்றால் கால் மில்லிஆம்பியர் கசிவது, அவ்வளவுதான். முழுதாகத் திறந்தால் அதன் தடை 17.5 மில்லிஓம் என்று டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் அது பொருந்தும் என்பது உள்ளே அட்டவணையில் சின்ன எழுத்தில் இருக்கும். எல் வகைக்கு அந்தத் தொடக்கம் 1 முதல் 2 வோல்ட். அதன் தடை கேட்டில் 10 வோல்ட்டுக்கு 22 மில்லிஓம், 5 வோல்ட்டுக்கு 25, 4 வோல்ட்டுக்கு 35 என்று தனித்தனியாக எழுதித் தந்திருக்கிறார்கள். சிறு பலகைகளின் கால் நேராகத் திறப்பதற்கென்றே செய்தது அது.

இதில் ஊனோ கருவி ஓடியது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். 5 வோல்ட்டில் எஃப் வகையின் பெரும்பாலான பீஸ்கள் இரண்டு ஆம்பியரை எளிதாக விட்டுவிடும். ஆனால் அதற்குத் தயாரிப்பாளரின் உறுதி கிடையாது. திறக்கும் மின்னழுத்தம் 4 வோல்ட் பக்கம் இருக்கும் ஒரு பீஸ் வந்து, யூஎஸ்பி கம்பி மெலிதாக இருந்து 5 வோல்ட் 4.4 ஆக இறங்கினால் அந்தக் கருவியும் சுடும். ஆகவே "எனக்கு எஃப் ஓடுது" என்று ஒருவரும் "எனக்கு எரிஞ்சுபோச்சு" என்று இன்னொருவரும் சொன்னால் இருவரும் உண்மையே சொல்கிறார்கள்.

கடைக்காரர் சொன்னது யாருக்கு உண்மை

மாணவியோடு அந்தக் கடைக்கு நானும் போனேன். சண்டைக்கு அல்ல, அந்த டப்பா ஏன் எஃப் வகையால் நிறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள. கவுண்டரில் நின்ற கொஞ்ச நேரத்திலேயே புரிந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் ரிப்பேர் வேலை செய்கிறவர்கள். இன்வெர்ட்டர் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து "இதுல பத்து கொடுங்க" என்கிறார்கள். இன்வெர்ட்டரில் கேட்டுக்கு வருவது 12 வோல்ட் பக்கம். அங்கே எஃப் வகை எல் வகையைவிடக் கொஞ்சம் நல்லதுகூட, தடை குறைவு. அந்த ரிப்பேர்க்காரருக்கு "எல்லாம் ஈக்விவலன்ட்தான்" என்பது நூற்றுக்கு நூறு உண்மை.

சில்லறைப் பார்ட்ஸ் கடையின் இருப்பும் அங்கே கிடைக்கும் அறிவும் ரிப்பேர் தொழிலிலிருந்து வருபவை. ஆம்ப்ளிஃபையர், டிவி, மிக்ஸி, ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர். பொழுதுபோக்காகக் கட்டுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் சிறுபான்மை. ரிப்பேர்க்காரர் பழைய பாகத்தையே கையில் கொண்டுவருகிறார். அது என்ன சூழலில் வேலை செய்தது என்பது அந்தப் பலகையிலேயே இருக்கிறது, கடைக்காரருக்கும் அனுபவத்தில் தெரியும். கட்டுகிறவரோ ஒரு எண்ணை மட்டும் கொண்டுவருகிறார். எண் கிடைக்காதபோது கடைக்காரர் தனக்குத் தெரிந்த சூழலை வைத்து மாற்று எடுத்துக் கொடுக்கிறார். அவர் ஏமாற்றவில்லை. அவரிடம் கேட்ட கேள்வியில் பாதி விஷயம் இல்லை.

"கேட்டுக்கு 3.3 வோல்ட்தான் வரும், 2 ஆம்பியர் ஓடணும், 12 வோல்ட் லைன், இதுக்கு எது இருக்கு?" என்று கேட்டிருந்தால்? அன்றைக்கு நான் அப்படித்தான் கேட்டேன். அவர் சட்டென்று எஃப் டப்பாவை ஒதுக்கிவிட்டு யோசித்தார். "அப்ப இது திறக்காதே சார்" என்று அவரே சொன்னார். எல் வகை இருப்பில் இல்லை, வரவழைத்தால் மொத்தமாகத்தான் வரும் என்றார். அப்புறம் "ரிலே போட்டுக்குங்களேன்" என்றார். நல்ல யோசனைதான், ஆனால் நோட்எம்சியுவின் 3.3 வோல்ட்டுக்கு அவரிடம் இருந்த 5 வோல்ட் ரிலே பலகைகள் எல்லாம் நம்பகமாக இழுக்கும் என்று சொல்ல முடியாது. அதே பழைய கேள்வி வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

டிரான்சிஸ்டரும் உணரியும்

பிசி547 விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸருக்கு முப்பது மில்லிஆம்பியர் போதும். பிசி547 நூறு வரை தாங்கும். 2என்2222 வகை அறுநூறு, அதற்கு மேலும் தாங்கும் என்றாலும் இங்கே அந்த வலு தேவையில்லை. ஆக வேலைக்கு மாற்று சரி. கால் வரிசைதான் தகராறு. தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547-இல் இடமிருந்து கலெக்டர் (மின்னோட்டம் நுழையும் கால்), பேஸ் (கட்டுப்படுத்தும் கால்), எமிட்டர் (வெளியேறும் கால்). பிளாஸ்டிக் உறையில் வரும் பிஎன்2222ஏ-வில் எமிட்டர், பேஸ், கலெக்டர். நேர் எதிர். இது போதாதென்று பி2என்2222ஏ என்று ஒன்று உண்டு, பி-க்கும் என்-க்கும் நடுவே ஒரு 2 வருகிறது, அதன் கால்கள் பிசி547 போலவே கலெக்டரில் தொடங்குகின்றன. பெயரில் ஓர் எண் கூடினால் கால்களும் இடம் மாறுகின்றன.

மாணவி வரைபடத்தில் இருந்த 2222-இன் படியே பிசி547-ஐச் செருகியிருந்தார். பேஸ் நடுவில் இருப்பதால் டிரான்சிஸ்டர் எரியவில்லை. திருப்பிப் போட்டாலும் அது கொஞ்சம் வேலை செய்யும், பெருக்கம் மிகக் குறைந்துவிடும். பஸ்ஸர் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெல்ல ஒலித்தது. அவர் பஸ்ஸரே மட்டம் என்று நினைத்து விட்டுவிட்டார். முழுக்க நின்றுபோகும் பழுதைவிட இப்படி அரைகுறையாக ஓடும் பழுது ஆளை அதிகம் அலைக்கழிக்கும்.

அடுத்தது மண் ஈரப்பத உணரி. இரண்டு உலோகக் கால்களை மண்ணில் செருகும் பழைய வகையைத் தவிர்த்து மின்தேக்க வகையை வாங்கியிருந்தார், நல்ல முடிவு. உலோகக் கால் வகையில் மின்னோட்டம் நேரடியாக ஈர மண் வழியே போவதால் கால்கள் சீக்கிரம் அரித்துப் போகும். மின்தேக்க வகையில் உலோகம் பூச்சுக்கு உள்ளே இருக்கிறது.

ஆனால் நோட்எம்சியு கருவியில் உணரியின் அளவு ஈரத்துக்கு ஏற்ப ஒழுங்காக மாறவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உணரிப் பலகையில் எட்டுக் கால் சில்லு ஒன்று, மேலே என்இ555 என்று மங்கலாக அச்சு. இந்த வகை உணரி டிஎல்சி555 என்ற சில்லை வைத்து வடிவமைத்தது. டிஎல்சி555 இரண்டு வோல்ட்டிலிருந்தே ஓடும். என்இ555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். பலகையில் இருக்கும் சிறு ரெகுலேட்டர் 3.3 வோல்ட்தான் தருகிறது. அதாவது அந்தச் சில்லு தனக்கு விதித்த எல்லைக்கு வெளியே எப்படியோ துடித்துக்கொண்டிருந்தது. பலகையின் நிறம், வடிவம், அச்சு எல்லாம் ஒன்றே. சில்லின் தலையில் உள்ள எழுத்து மட்டும் வேறு.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம், நேரில் வாங்குவதன் பெரிய வசதி அதுதான். கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கி வைத்தால் அந்த எழுத்து படிக்கக் கிடைக்கும். கடைக்காரர் ஒரு கவர் நிறைய உணரிகளைக் கவுண்டரில் கொட்டினார். இரண்டு வகையும் கலந்தே இருந்தன. டிஎல்சி போட்டதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தோம், பழையதை மாற்றிக் கொடுத்தார், முகம் சுளிக்கவில்லை. "இப்படி ரெண்டு ரகம் வருதுன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லி அவரும் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

நோட்எம்சியு பலகை பற்றி ஒரு வரி. வி3 என்று வருவது அகலம் கூடியது, ஒரு பிரெட்போர்டில் வைத்தால் இரு பக்கமும் துளைகளை மூடிக்கொள்ளும், கம்பி செருக இடம் இருக்காது. வாங்கும்போதே பிரெட்போர்டு மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஜம்பர் கம்பிகளில் சிலவற்றைக் காந்தம் பிடித்தது. செம்பைக் காந்தம் பிடிக்காது. உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. உணரிச் சமிக்ஞைக்கு அது போதும். பம்புக்கு அதை வைக்கக் கூடாது, இந்த மாணவி பம்புக்குத் தடித்த கம்பிதான் போட்டிருந்தார்.

கடையில் இருந்ததை வைத்தே தீர்த்த விதம்

எல் வகை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். எஃப் வகைக்கு வேண்டியது கேட்டில் 10 வோல்ட்டுக்கு மேல். பம்புக்கென்று 12 வோல்ட் பக்கத்திலேயே இருக்கிறது. அதை கேட்டுக்குக் கொண்டுவர எந்தப் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும் பாகங்கள் போதும்.

ஒரே ஒரு பிசி547-ஐ வைத்து, கேட்டை 10 கிலோஓம் வழியாக 12 வோல்ட்டுக்குக் கட்டுவது எல்லாரும் முதலில் சொல்லும் வழி. இந்தக் கருவிக்கு அது ஆபத்து. அதில் தர்க்கம் தலைகீழாகிவிடும்: பலகை எதுவும் சொல்லாதபோது மாஸ்ஃபெட் திறந்திருக்கும். நோட்எம்சியு செயலிழந்தாலோ, மறுதொடக்கம் ஆனாலோ பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீரைக் கட்டுப்படுத்தும் கருவியில் அணைந்த நிலைதான் இயல்பு நிலையாக இருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு டிரான்சிஸ்டர்: பிசி547-உம், அதற்கு எதிர்த்துருவ வகையான பிசி557-உம். நோட்எம்சியுவின் டி1 காலிலிருந்து 4.7 கிலோஓம் வழியாக பிசி547-இன் பேஸுக்கு. அதன் எமிட்டர் தரைக்கு (சுற்றின் 0 வோல்ட் இணைப்பு). கலெக்டரிலிருந்து இன்னொரு 4.7 கிலோஓம் வழியாக பிசி557-இன் பேஸுக்கு. பிசி557-இன் எமிட்டர் 12 வோல்ட்டில், அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே ஒரு 10 கிலோஓம். அதன் கலெக்டரிலிருந்து 220 ஓம் வழியாக மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு. கேட்டிலிருந்து தரைக்கு 10 கிலோஓம். டி1 உயர்ந்தால் இரண்டும் திறந்து கேட்டுக்கு 12 வோல்ட் பக்கம் வரும். டி1 தாழ்ந்தாலோ பேசாமல் இருந்தாலோ அந்தக் கடைசி 10 கிலோஓம் கேட்டைத் தரைக்கு இழுத்து வைத்துக்கொள்ளும். எஃப் வகையின் கேட் 20 வோல்ட் வரை தாங்கும், 12 அதற்கு ஒன்றுமில்லை. டி1-ஐத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: டி3, டி4 கால்கள் பலகை விழிக்கும்போது உயர்ந்த நிலையில் இருக்கும், பம்ப் ஒரு கணம் ஓடிவிடும்.

இந்த அமைப்பு மாஸ்ஃபெட்டை மெல்லத்தான் மூடும். கேட்டின் உள்ளே ஏறக்குறைய 1.5 நானோஃபாரட் மின்தேக்கம், அது 10 கிலோஓம் வழியாக வடிய பத்துப் பதினைந்து மைக்ரோநொடிகளும் அதற்கு மேலும் ஆகும். பம்பை அணைக்க, ஏற்ற இது தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேகமாகத் துடிக்கவிடும் வேலைக்கு இது சரிப்படாது, அங்கே எல் வகையையோ தனி டிரைவர் சில்லையோதான் தேட வேண்டும்.

பிசி557 கடையில் அன்றே கிடைத்தது. கட்டி முடித்து அளந்தபோது டிரெயின், சோர்ஸ் இடையே 0.04 வோல்ட். பம்ப் முழு வேகத்தில், 2 ஆம்பியர். மாஸ்ஃபெட் அறை வெப்பத்திலேயே இருந்தது. நேற்றுவரை சுட்ட அதே பீஸ்.

கவுண்டரிலேயே செய்யக்கூடிய சோதனை

எல் வகை என்று எழுதிய ஒன்று கையில் கிடைத்தால், அது உண்மையிலேயே எல் வகை போல நடந்துகொள்கிறதா என்று ஒரு சாதாரண மல்டிமீட்டரால் ஓரளவு பார்க்கலாம். மீட்டரை டையோடு நிலையில் வைத்துக் கறுப்பு முனையை சோர்ஸில் பிடியுங்கள். சிவப்பு முனையால் கேட்டை ஒரு முறை தொட்டு எடுத்து உடனே டிரெயினில் வையுங்கள். முனைகளில் 3 வோல்ட் பக்கம் தரும் மீட்டர் என்றால் எல் வகை திறந்துகொண்டு மிகச் சிறிய எண்ணைக் காட்டும். எஃப் வகை பெரும்பாலும் திறக்காது. உங்கள் மீட்டர் எத்தனை வோல்ட் தருகிறது என்று வீட்டிலேயே இன்னொரு மீட்டரால் பார்த்துக்கொள்வது நல்லது, சிலவற்றில் குறைவாக இருக்கும். அப்புறம் கேட்டையும் சோர்ஸையும் விரலால் சேர்த்துத் தொட்டு அந்த மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள்.

ரெசிஸ்டர்களையும் அங்கேயே அளந்துவிடலாம். நாலு பட்டை, ஐந்து பட்டை இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். 220 ஓமுக்கு நாலு பட்டையில் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. ஐந்து பட்டையில் சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு. குழல்விளக்கு வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் ஒன்று போலத் தெரியும். கண்ணை நம்புவதைவிட மீட்டரை நம்பலாம். மாஸ்ஃபெட்டை வெறும் பாலித்தீன் கவரில் போட்டுத் தந்தால் ஒரு துண்டு அலுமினியத் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள், நிலைமின்சாரம் கேட்டைத் துளைத்துவிடும்.

இதையெல்லாம் கூட்டம் நெரியும் நேரத்தில் செய்தால் கடைக்காரருக்கு எரிச்சல் வரும், அதில் நியாயமும் உண்டு. கூட்டம் குறைந்த வேளையாகப் பார்த்துப் போய், மீட்டரைக் கையோடு கொண்டுபோய், "அண்ணா, அளந்து பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டால் மறுக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பட்டியல் மாறிய விதம்

மாணவியின் பட்டியலில் இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பாகம் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. மாஸ்ஃபெட் வரிசையில் "கேட் 3.3 வோல்ட், ஓட்டம் 2 ஆம்பியர், லைன் 12 வோல்ட்" என்று. டிரான்சிஸ்டர் வரிசையில் கால் வரிசையைக் குட்டிப் படமாகப் போட்டிருக்கிறார். கண்டென்சருக்கு "16 அல்லது அதற்கு மேல்". எது மாறலாம், எது மாறவே கூடாது என்று கடைக்காரர் பார்த்த உடனே தெரிகிறது. அவரும் கேள்வி கேட்கிறார், "இது கேட்டுக்கு எவ்வளவும்மா வருது?" என்று.

இன்னும் பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி. மின்தேக்க உணரியின் பக்கவாட்டு ஓரங்களில் பூச்சு கிடையாது. பலகையை வெட்டிய இடம் அப்படியே திறந்திருக்கிறது, அந்த வழியாக ஈரம் மெல்ல உள்ளே ஏறி அளவைத் திரிக்கும். ஓர் உணரியின் ஓரத்தில் நகப்பூச்சு இரண்டு தடவை பூசி, இன்னொன்றைப் பூசாமல், ஒரே தொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறோம். இரண்டின் அளவையும் அந்த நோட்எம்சியுவே பதிவு செய்கிறது.